மூன்றுசுழி ‘ண’வும் முரண்டு பிடித்த லேசரும்



ரயிலே இல்லாத தீவில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று கராச்சர்மாவுக்கு வந்த நாளிலிருந்து பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். பொன்மலைப் பணிமனையில் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்றபின் தங்கை வீட்டோடு வந்துவிட்டேன். வேலை என்னைத் தேடி இங்கேயும் வந்தது. தங்கை மகள் வாங்கி வைத்திருக்கும் லேசர் செதுக்கு இயந்திரத்தைச் சொல்கிறேன். வீட்டுப் பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம் என்று அதில் அவளுக்கு ஒரு சிறு வருமானம் வருகிறது. நம் சங்க அன்பர்கள் சிலர் வீட்டிலும் இந்த இயந்திரம் இருப்பதால், அதன் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் முறையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. ஒரு அலுமினியச் சட்டம், அதன்மேல் குறுக்கே ஓடும் ஒரு பாலம், பாலத்தில் ஓடும் தலை. தலையில் நீல ஒளி வீசும் லேசர். இழுப்பவை ஸ்டெப்பர் மோட்டார்கள். இழுபடுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். பெரும்பாலான சிறு இயந்திரங்களில் பெல்ட்டின் பல் 2 மி.மீ. இடைவெளியில் இருக்கும், புல்லிக்கு 20 பல். எனவே புல்லி ஒரு சுற்றுச் சுற்றினால் தலை 40 மி.மீ. நகரும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். ஆக, ஒரு அடிக்கு 0.2 மி.மீ. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இன்னொன்று முக்கியம். ரயில் நிலையத்தில் பாயிண்ட்டைத் திருப்பினால் மட்டும் போதாது. அது முழுதாகத் திரும்பி ஒட்டி நிற்கிறதா என்று டிடெக்‌ஷன் வந்த பிறகுதான் சிக்னல் கொடுக்க முடியும். இந்தச் சிறு இயந்திரத்தில் அந்த டிடெக்‌ஷன் கிடையாது. கட்டளை போகும், தலை நகர்ந்ததா, வழியில் சிக்கியதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் இயந்திரம் தன் தவற்றைத் தானே சொல்லாது. மரத்தில் விழுந்த கோட்டைப் பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு கிரகப்பிரவேசப் பலகை வந்தது. படாக் மரத்தில் “கண்ணம்மா இல்லம்”. விசேஷத்துக்கு மூன்று நாள் இருந்தது. முதலில் ஒட்டுப்பலகைத் துண்டில் சோதித்துப் பார்த்தாள். “மாமா, சுழி எல்லாம் வாய் திறந்துக்கிட்டு நிக்குது, வந்து பாருங்க” என்றாள். ‘க’ சரியாகவே இருப்பது போலத் தெரிந்தது. ‘ண’வின் மூன்று சுழியிலும் கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரவில்லை. விற்றவரைத் தொலைபேசியில் கேட்டாள்; கட்டுப்பாட்டு அட்டையை மாற்றச் சொன்னார். அது சென்னையிலிருந்து வந்து சேருவதற்குள் கிரகப்பிரவேசம் முடிந்து பந்தலையும் பிரித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் தொய்வுதான் காரணம் என்று எதையும் சோதிக்காமலே முடிவு செய்து, வீணைத் தந்தி போல் முறுக்கிவிட்டேன். நேரம் இல்லையே என்று அவளும் படாக் பலகையையே வைத்து ஓட்டினாள். பாதி எழுத்துவரை போய், அதற்குப் பிறகு எல்லாம் பக்கவாட்டில் விலகி விழுந்தது. நல்ல மரம் பாழாயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

வெர்னியர் எடுத்து விலகலை அளந்தேன்: 1.6 மி.மீ. பெல்ட் பல் தாண்டியிருந்தால் விலகல் 2, 4 என்று 2-இன் மடங்காக இருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் பிடி நழுவினால் நான்கு நான்கு அடியாகத்தான் நழுவும், அதாவது 0.8-இன் மடங்கு. 1.6 என்றால் மோட்டார் இரண்டு முறை நழுவியிருக்கிறது. நான் முறுக்கிய முறுக்கில் தண்டின் பேரிங் இறுகி, மோட்டாரால் இழுக்க முடியவில்லை. இரண்டாவது கோளாறு என் கைங்கரியம்! பெல்ட்டைத் தளர்த்தினேன். நடுவில் விரலால் அழுத்தினால் சற்றே கொடுக்க வேண்டும், தொங்கக் கூடாது. அந்த அளவு போதும்.

பிறகு முறையாகத் தொடங்கினேன். போகும்போது ஒரு கோடு, திரும்பும்போது ஒரு கோடு என்று மாறி மாறி வருடும்படி ஒரு சிறு கட்டத்தைச் செதுக்கச் சொன்னேன். இருவகைக் கோடுகளின் விளிம்பும் ஒன்றுக்கொன்று 0.5 மி.மீ. தள்ளி விழுந்தன. வேகத்தைப் பாதியாக்கி அதையே மீண்டும் செய்தோம். அப்போதும் அதே 0.5. இது நல்ல சோதனை. லேசர் எரிவதில் உள்ள தாமதத்தால் வரும் விலகல், வேகம் குறைந்தால் தானும் குறையும். அதை மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம். வேகம் மாறியும் விலகல் மாறவில்லை என்றால் எங்கோ ஒரு இடத்தில் லூஸ். கட்டுப்பாட்டு அட்டையின் மேல் பழி போட வேண்டியதில்லை.

எந்த இடம்? மின்சாரத்தை நிறுத்தி லேசர் தலையின் கேபிளைக் கழற்றிவிட்டு, மீண்டும் மின்சாரம் கொடுத்து மோட்டார் பிடித்து நிற்கும்படி வைத்தோம். (கேபிளைக் கழற்றாமல் யாரும் கை வைக்க வேண்டாம். இந்த நீல ஒளி பட்டுத் தெறித்தாலும் கண்ணைக் கெடுக்கும். அந்த ஒளிக்கென்று உள்ள கண்ணாடி வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது.) தலையை இரு விரலால் பிடித்து இடவலமாக மெல்ல ஆட்டினேன். பெல்ட் தலையோடு சேர்ந்தே ஆடியது, புல்லியும் ஆடியது, மோட்டார் தண்டு மட்டும் அசையவில்லை. தண்டுக்கும் புல்லிக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு மறுபடி ஆட்டினேன். கோடு உடைந்து உடைந்து சேர்ந்தது. புல்லியைத் தண்டோடு பிடிக்கும் இரண்டு க்ரப் ஸ்க்ரூவும் தளர்ந்திருந்தன. தண்டின் தட்டையான முகத்தில் ஸ்க்ரூ முனை உட்கார்ந்திருந்ததால் புல்லி முழுதாகச் சுற்றாமல் நான்கைந்து பாகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. 40 மி.மீ. சுற்றளவில் நாலரைப் பாகை என்றால் சரியாக அரை மி.மீ.

ஸ்க்ரூவைக் கழற்றித் துடைத்து, நீலநிறத் திருகுப் பூட்டுப் பசை ஒரு பொட்டு வைத்து, ஒன்று தட்டை முகத்தில் நேராக விழும்படி ஆலன் கீயால் இறுக்கினேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மரப்பட்டறையில் கெஞ்சி இன்னொரு படாக் துண்டு வாங்கி வந்தோம். பலகை முதல் நாள் இரவு பத்து மணிக்குத் தயாரானது.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலை திரும்பியதும் கோடு நெளிந்தால் தலையின் சக்கரங்களைப் பாருங்கள். சக்கரத்தை விரலால் உருட்டினால் லேசான பிடிப்போடு உருள வேண்டும். சும்மா சுழன்றால் லூஸ், உருளவே மறுத்தால் இறுக்கம். ஒரு சக்கரத்தின் அச்சு மையம் விலகிய நட்டில் இருக்கும்; அதைச் சிறிது திருப்பினால் சரியாகும். சதுரம் சாய்சதுரமாக வந்தால் பாலம் கோணி நிற்கிறது. 100 மி.மீ. சதுரம் ஒன்று போட்டு இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் 141.4 இருக்க வேண்டும்.

நம் தீவுக்கென்று சில உண்டு. உப்புக் காற்றில் ஸ்க்ரூத் தலையும் பேரிங்கும் துருப்பிடிக்கின்றன. அதற்காக பிளாஸ்டிக் சக்கரம் ஓடும் தடத்தில் எண்ணெய் விடாதீர்கள்; புகைக்கரி ஒட்டிப் பசையாகிவிடும், உலர்ந்த துணி போதும். வழவழப்பான எஃகுத் தண்டில் ஓடும் வகைக்கு மட்டும் மெல்லிய எண்ணெய். ஈரத்தில் ஒட்டுப்பலகை வில்லாக வளையும். ஒரு ஓரம் ஆழமாகவும் மறு ஓரம் மங்கலாகவும் விழுந்தால் இயந்திரத்தைத் திட்டுவதற்குமுன் பலகையைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதி நேரம் அதுதான்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு கழிவுத் துண்டில் ‘ண’ ஒன்று செதுக்கி, பின்பக்கம் தேதி எழுதி டப்பாவில் போட்டு வைக்கிறாள். மூன்று சுழியும் எல்லாத் திசையிலும் போய்த் திரும்புவதால் இதைவிட நல்ல சோதனை எழுத்து எனக்குத் தெரியவில்லை. இந்த மாதத்து ‘ண’வில் இரண்டாம் சுழி மயிரிழை விலகியிருக்கிறது. முன்பக்கச் சக்கரம் தேய்ந்திருக்கும் என்பது அவள் கட்சி. எனக்கு மறுபடி அந்தப் புல்லி மேல்தான் சந்தேகம். மார்க்கர் பேனாவை எடுத்து வைத்திருக்கிறேன்.