மின்னழுத்தி பழுதானால்: நாமே கண்டறிந்து திருத்துவோம்

பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையைச் சிரட்டைக்கரிப் பெட்டியால் அழுத்திய காலம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். கரியை மூட்டுவதும் சாம்பல் வெள்ளைச் சட்டையில் விழாமற் பார்ப்பதும் பெரும்பாடு. ஆனால் அந்தப் பெட்டியிற் பழுதாவதற்கு எதுவும் இல்லை. இன்று மீள்குடியேறிய ஊர்களிலும் தற்காலிகக் குடியிருப்புகள் பலவற்றிலும் மின்சாரம் உண்டு. உறவினர் அனுப்பியதோ கடையிற் பழையதாக வாங்கியதோ, ஒரு மின்னழுத்தியும் வீட்டில் இருக்கிறது. அயன் என்று நாம் சொல்லும் இந்தக் கருவி ஒருநாள் சூடேறாமல் நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? பட்டணத்துக்குக் கொண்டுபோகிறோம். பஸ் கட்டணம், திருத்தும் கூலி, ஒருநாள் வேலை இழப்பு என்று மூன்று செலவு வருகிறது. கடைசியிற் பார்த்தால் ஒரு கம்பி அறுந்திருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழுதை அறியாமற் பாவிக்கப்படும் மின்னழுத்தி ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே எதை நாமே திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்ற இரண்டையும் இப்பாடத்திற் படிப்போம்.

முதலிற் பாதுகாப்பு

1. ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது. செருகியை, அதாவது பிளக்கை, குதையிலிருந்து கழற்றி, கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.
2. அழுத்தி நன்றாக ஆறும்வரை, குறைந்தது அரை மணி நேரம், பொறுத்திருங்கள்.
3. ஈரக் கையோடும், வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்றும் மின்னழுத்தியைப் பாவிக்க வேண்டாம். உலர்ந்த றப்பர்ச் செருப்பு அணியுங்கள்.
4. வீட்டிலுள்ள ரிப் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே மின் நின்றால் அது வேலை செய்கிறது. நிற்காவிட்டால், அழுத்தியைத் திருத்துவதற்கு முன்னர் மின்வேலை தெரிந்தவரை அழைத்து அந்தச் சுவிட்சை மாற்றுங்கள்.

உள்ளே இருப்பவை

சாதாரண மின்னழுத்தியில் ஐந்து முக்கிய பகுதிகள் உள்ளன. முதலாவது செருகியும் வயரும். வயரினுள் மூன்று கம்பிகள் இருக்கும். கபிலநிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமற்கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி. பழைய வயர்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சையாக இருக்கும். இரண்டாவது வெப்பநிலைநிறுத்தி. மேலேயுள்ள வட்டத்தைத் திருப்பும்போது நாம் திருப்புவது இதைத்தான். இதனுள் இரு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று சூட்டில் வளைந்து மின்னைத் துண்டிக்கிறது, ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கிறது. மூன்றாவது வெப்ப உருகி. அளவு மீறிச் சூடேறினால் இது ஒரேயடியாக அறுந்து மின்னை நிறுத்தும். நான்காவது சூடாக்கும் மூலகம். ஐந்தாவது சிறிய விளக்கு.

பழுதைத் தேடும் முறை

பாத்திக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் நாம் பாத்தியை வெட்டிப் பார்ப்பதில்லை. கிணற்றடியிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, எங்கே உடைத்திருக்கிறது என்று பார்க்கிறோம். மின்னும் அப்படித்தான். குதையிலிருந்து தொடங்கி, செருகி, வயர், வெப்பநிலைநிறுத்தி, வெப்ப உருகி, மூலகம் என்ற ஒழுங்கில் வாருங்கள். எடுத்த எடுப்பில் அழுத்தியைக் கழற்ற வேண்டாம்.

குதை: வேறொரு கருவியை அதே குதையிற் செருகிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் பழுது அழுத்தியில் இல்லை.

செருகி: சதுரக்கால் கொண்ட 13 அம்பியர்ச் செருகிக்குள் ஓர் உருகி உண்டு. அது எரிந்திருந்தால் அதே அளவு உருகியை மட்டும் போடுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும் செப்புக்கம்பியைக் கட்டுவதும் வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். செருகியின் திருகாணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தளர்ந்த திருகாணி சூடேறிச் செருகியைக் கருக்கும்.

வயர்: அழுத்தியின் கழுத்தடியிலும் செருகிக்கு அருகிலும் வயர் எந்நேரமும் வளைகிறது. பெரும்பாலான வயர் முறிவுகள் இவ்விரு இடங்களிலேயே ஏற்படுகின்றன. வெளியே துணியுறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி முறிந்திருக்கும்.

சோதிக்கும் கருவிகள்

வயரைச் சோதிக்க இரண்டு றோச் பற்றரி, இழையுள்ள பழைய றோச் குமிழ் ஒன்று, இரண்டு துண்டு வயர் ஆகியன போதும். வயரின் ஒரு கம்பியின் இரு முனைகளுக்கிடையே இதைத் தொடுத்தாற் குமிழ் எரிய வேண்டும். எரியும்போது வயரை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். விட்டுவிட்டு எரிந்தால் முறிவு அந்த இடத்தில்.

ஆனால் இந்தக் குமிழால் மூலகத்தைச் சோதிக்க முடியாது. மூலகத்தின் தடை அதிகமானபடியால், அது நல்ல நிலையில் இருந்தாலும் குமிழ் எரியாது. இதைக் கண்டு மூலகம் போய்விட்டது என்று நல்ல அழுத்தியை எறிந்துவிடாதீர்கள். மூலகத்துக்குப் பல்மானி வேண்டும். ஒரு கிராமத்துக்கு ஒன்று வாங்கி வைத்தாற் போதும்.

பல்மானியை 200 ஓம் அளவில் வைத்து, அழுத்தியின் வட்டத்தை ஆகக்கூடிய சூட்டுக்குத் திருப்பி, குதையிலிருந்து கழற்றிய செருகியின் உயிர்க்காலுக்கும் நொதுமற்காலுக்கும் இடையே அளவுங்கள். 750 உவாற்று அழுத்தி ஏறக்குறைய 70 ஓம் காட்டும். 1000 உவாற்று 53 ஓம், 1200 உவாற்று 44 ஓம் அளவில் காட்டும். அந்த அளவு கிடைத்தால் வயரும் மூலகமும் சரி. ஒன்றும் காட்டாவிட்டாற் பாதை எங்கோ அறுந்துள்ளது.

அடுத்து, செருகியின் புவிக்காலுக்கும் அழுத்தியின் உலோக அடித்தட்டுக்கும் இடையே அளவுங்கள். ஒரு ஓமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். தட்டிற் பூச்சு இருந்தால் அதிலுள்ள திருகாணியைத் தொட்டு அளக்கலாம். பின்னர் பல்மானியை ஆகக்கூடிய ஓம் அளவுக்கு மாற்றி, புவிக்காலுக்கும் மற்ற இரு கால்களுக்கும் இடையே தனித்தனியே அளவுங்கள். இங்கே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் மின் உடலுக்குக் கசிகிறது. அந்த அழுத்தியைச் செருகவே வேண்டாம்.

பழுதுகளும் பரிகாரமும்

சூடும் இல்லை, விளக்கும் இல்லை: குதை, உருகி, வயர் மூன்றையும் பாருங்கள். வயர் கழுத்தடியில் முறிந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி நீக்கிவிட்டு, மீதியைப் பழைய இடத்திலேயே பூட்டலாம். கழற்றுமுன் எந்த நிறம் எங்கே பூட்டியிருந்தது என்று கடதாசியில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் முறுக்கி ரேப் சுற்றும் வேலை வேண்டாம். புது வயர் போடுவதானால் துணியுறையுள்ள, மூன்று கம்பி கொண்ட அழுத்தி வயரையே கேட்டு வாங்குங்கள். சாதாரண பிளாஸ்ரிக் வயர் சூடான தட்டிற் பட்டால் உருகிவிடும். செருகிக்குள் புவிக்கம்பியை மற்றவற்றிலும் சற்று நீளமாக விடுங்கள். வயர் இழுபட்டாற் கடைசியாகக் கழல்வது அதுவாக இருக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, சூடில்லை: பல வகைகளில் இது மூலகம் அறுந்ததன் அடையாளம். பழைய பாரமான அழுத்திகளில் மூலகம் மைக்காத் தகடுகளுக்கிடையே தட்டையாக இருக்கும். அதை மாற்றலாம். இப்போதைய அழுத்திகள் பலவற்றில் மூலகம் அடித்தட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது. வயரையும் செருகியையும் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

சூடு குறைவு: வெப்பநிலைநிறுத்தியின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். மிக மென்மையான அரத்தாளை இடையே விட்டு மெதுவாக இழுத்துத் துடையுங்கள். அழுத்தத்தின் குறைவும் காரணமாகலாம். மின்கம்பித் தொடரின் கடைசி வீட்டில் 230 வோல்ற்றுக்குப் பதில் 200 வோல்ற்று வந்தால், சூட்டில் ஏறக்குறைய காற்பங்கு குறைந்துவிடும். மாலை வேளையில் மட்டும் சூடு குறைந்தால் இதையே முதலிற் சந்தேகியுங்கள்.

நிற்காமற் சூடேறுகிறது: தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. வெப்பநிலைநிறுத்தியைப் புதிதாக மாற்ற வேண்டும். அதன்பின் வெப்ப உருகியும் அறுந்திருந்தால், அதில் எழுதப்பட்ட அதே வெப்பநிலைக்குரியதைப் போடுங்கள். இரண்டையும் விலக்கி நேரடியாகக் கம்பி கொடுப்பவர்களும் உண்டு. அந்த வேலையை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம்.

ரிப் சுவிட்ச் விழுகிறது: வேறு கருவியைச் செருகும்போதும் விழுந்தாற் பழுது வீட்டு வயரிங்கில். அழுத்திக்கு மட்டும் விழுந்தால் அதில் மின் கசிகிறது. மாரி முழுவதும் பாவிக்காமல் வைத்திருந்தால் ஈரம் காரணமாகலாம். ஒருநாள் நல்ல வெயிலில் உலர்த்தி, பல்மானியால் மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் கசிந்தாற் பாவிக்க வேண்டாம். ரிப் சுவிட்சை விலக்கிவிட்டு அழுத்துவது உயிரோடு விளையாடுவது.

வெளிநாட்டிலிருந்து வந்த அழுத்தி

கனடாவில் வீட்டு மின் 120 வோல்ற்று. அங்கிருந்து வந்த 1000 உவாற்று அழுத்தியை நமது 230 வோல்ற்றிற் செருகினால் அது ஏறக்குறைய 3,700 உவாற்று வேகத்திற் சூடேறும். சில நிமிடத்திலேயே எரிந்துவிடும். செருகுமுன் அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ எழுதியிருப்பதை வாசியுங்கள். 220 முதல் 240 வரை என்றிருந்தாற் பாவிக்கலாம்.

ஜேர்மனி, பிரான்ஸ் நாட்டு அழுத்திகளுக்கு வோல்ற்றளவு பொருந்தும், செருகி பொருந்தாது. இரண்டு கால் மட்டுமுள்ள மலிவான மாற்றுச் செருகியைப் போட்டாற் புவித்தொடுப்பு அற்றுப்போகிறது. கருவி சூடேறும், வேலையும் செய்யும். ஆனால் உள்ளே கம்பி ஒன்று தட்டிற் பட்ட அன்று அதைப் பிடித்திருப்பவரின் உடல்வழியே மின் நிலத்துக்குப் போகும். அந்தச் செருகியை வெட்டிவிட்டு மூன்று கால் செருகியைப் பூட்டுங்கள்.

தண்ணீரும் அடித்தட்டும்

நீராவி அழுத்தி வைத்திருப்போர் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல்லானபடியாற் கிணற்றுநீர் வன்னீர். அதன் சுண்ணாம்பு படிந்து ஆவித் துளைகளை அடைத்துவிடும். கூரையிலிருந்து சுத்தமாகச் சேர்த்து வடித்த மழைநீரே இதற்கு ஏற்றது. வேலை முடிந்ததும் மீதி நீரை ஊற்றிவிடுங்கள்.

கஞ்சிப்பசை கருகித் தட்டில் ஒட்டினால் கத்தியாற் சுரண்ட வேண்டாம். செருகியைக் கழற்றி, தட்டு இளஞ்சூடாக இருக்கும்போது, சவர்க்காரம் தொட்ட ஈரத்துணியால் துடையுங்கள். நைலோன் உருகி ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டில் மரச்சீவலாற் தள்ளி எடுக்கலாம்.

குழுவாகச் செய்து பாருங்கள்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு ஒரு மின்னழுத்தி சிறிய பொருளல்ல. நிலம் கைவிட்டுப்போன நிலையில், தெரிந்த ஒரு கைத்தொழில் இன்னொரு காணிக்குச் சமம். எங்கே போனாலும் அது கூடவே வரும். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் அழுத்திகளைக் கொண்டுவாருங்கள். பல்மானியைப் பிடிக்க இளைஞரோடு தாய்மாரையும் பழக்குங்கள், ஏனெனில் நாள்தோறும் அழுத்தியைப் பிடிப்பது பெரும்பாலும் அவர்களே.

1. எத்தனை அழுத்திகளில் மூன்று கால் செருகி இருக்கிறது? எத்தனையில் புவித்தொடுப்பு உண்மையிலேயே தட்டுவரை போகிறது?
2. எத்தனை வீடுகளில் ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தான் வேலை செய்கிறது?
3. கோடையிற் காய்ந்த மண்ணிற் புவிக்கம்பி தன் வேலையைச் சரிவரச் செய்யாது. உங்கள் வீட்டின் புவிக்கம்பி எங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள் இன்று மாலையே தேடிப் பாருங்கள்.