இரண்டாவது பேட்டரி வாங்கும் முன் காற்றுத் துளையைப் பாருங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கரண்ட் இணைப்பு இல்லாத காட்டு முகாம்களில் கேம்பிங் டிரெய்லரை நிறுத்தித் தங்குகிறவர்களுக்கு முதலில் கைகொடுக்காமல் போவது பேட்டரிதான். குளிர்ந்த இரவில் கேஸ் ஹீட்டரின் விசிறி மட்டுமே ஓடும் நேரமெல்லாம் 7, 8 ஆம்பியர் இழுக்கும். டிரெய்லரோடு வரும் ஒற்றை 12 வோல்ட் பேட்டரி அதற்குத் தாங்காது. இன்னொன்று சேர்ப்பது நல்ல முடிவு. ஆனால் எந்த பேட்டரி, என்ன விலை என்று நாள்கணக்கில் தேடுகிறவர்கள், அது வெளியிடும் வாயு எங்கே போகும் என்று யோசிப்பதில்லை. என் கவலை அதுதான்.

தண்ணீர் ஊற்றும் ரக ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் நிறையும் கட்டத்தில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் பற்றிக்கொள்ள ஒரு தீப்பொறி போதும். பேட்டரி இரண்டானால் வாயுவும் கூடும். ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசானது என்பதால் மேலேதான் போகும். ஆகவே பெட்டியின் உச்சியில் வெளியேறும் வழியும், அடியில் வெளிக்காற்று நுழையும் வழியும் இரண்டும் வேண்டும். அடியில் மட்டும் துளை போட்டால் மூடிக்குக் கீழே வாயு தங்கிவிடும்.

பேட்டரிக்குச் சிறந்த இடம் வெளியே, டிரெய்லரை வண்டியோடு கொளுவும் முக்கோணச் சட்டத்தின் மேல்தான். அங்கே மூடியின் ஓரத்தில் காற்றிடுக்கு உள்ள பிளாஸ்டிக் பெட்டியே போதும். மழை புகுமே என்று அந்த இடுக்குகளை டேப் போட்டு அடைக்காதீர்கள். திருட்டுக்குப் பயந்து உள்ளே வைத்தே ஆகவேண்டும் என்றால், படுக்கும் இடத்தோடு காற்றுத் தொடர்பே இல்லாதபடி ரப்பர் விளிம்புள்ள மூடி போட்ட பெட்டி வேண்டும். அதன் உச்சியிலிருந்து கிளம்பும் குழாய் வழியில் எங்கும் தொய்யாமல், மேல்நோக்கியே போய் வெளிச்சுவரில் திறக்க வேண்டும். காற்று வரும் குழாயை தரை வழியாக எடுங்கள். இன்வெர்ட்டர், சுவிட்ச் என்று பொறி கிளம்பக்கூடிய எதுவும் அந்தப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஃபியூஸும் வெளியேதான், ஆனால் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள்.

டிரெய்லருக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஹைட்ரஜனுக்கும் கத்தக்கூடும். கத்தினால் உண்மையான ஆபத்தென்றே எடுத்துக்கொண்டு எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். காரணம் பேட்டரிதானா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகியிருக்கக்கூடும், கேஸ் கசிவாகவும் இருக்கலாம். அதற்கும் முதலில் வெளியே வருவதுதான் முறை.

எதை வாங்குவது என்றால், கோல்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டை சீரிஸாக இணைக்கச் சொல்வேன். தகடு தடிமனானது, அடிக்கடி பாதிவரை இறக்கி ஏற்றினாலும் தாங்கும். 12 வோல்ட்டில் 200 ஆம்பியர்-மணிக்கு மேல் கிடைக்கும், அதில் பாதியைத்தான் செலவழிக்க வேண்டும். குறை என்னவென்றால், ஒன்று செத்தால் இரண்டும் பயன்படாது. ஒவ்வொன்றும் 28 கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதால் கொக்கியில் விழும் எடையையும் கணக்குப் பாருங்கள். இருக்கும் 12 வோல்ட் பேட்டரியோடு புதியதை பேரலலாகச் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். பழையது புதியதையும் கெடுத்துவிடும். பேரலல்தான் வேண்டுமென்றால் ஒரே ரகத்தில் இரண்டும் புதிதாக வாங்கி, ஒன்றிலிருந்து பாசிட்டிவையும் மற்றதிலிருந்து நெகட்டிவையும் எடுங்கள்.

வயரிங்கில் ஒன்றை மட்டும் மிகவும் வற்புறுத்துவேன். ஓடும்போது டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாக பிரேக் பிடிக்க வைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. புதிதாக மெயின் சுவிட்ச் போடுகிறவர்கள் அந்த வயரையும் அதன் வழியே கொண்டுபோய்விடுகிறார்கள். மெயினை அணைத்துவிட்டுப் பயணம் போனால் பிரேக் இல்லை. அந்த வயர் ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேராகப் போகட்டும், மெயின் சுவிட்ச் அதில் குறுக்கிடவே கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் சார்ஜரை நிறுத்துங்கள், மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பழைய டிரெய்லர்களில் உள்ள சார்ஜர் 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும், இந்த பேட்டரிகள் நிறையாது. 14.4 வோல்ட்டுக்கு மேல் போகும் பலகட்ட சார்ஜரும் சேர்த்து வாங்குங்கள். வாயு மிகுதியாகக் கிளம்புவதும் அந்தக் கட்டத்தில்தான்.

நம் ஊர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பராமரித்தவர்களுக்குத் தண்ணீர் விஷயம் தெரியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், சார்ஜ் முடிந்த பிறகு, தகடு எப்போதும் மூழ்கியிருக்கும்படி. அமிலம் சிந்தினால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள்.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம் ரகமும் சார்ஜ் மிஞ்சினால் வாயு விடும், காற்றுப் புகாமல் அடைத்து வைக்காதீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகத்தில் இந்த வாயுத் தொல்லை இல்லை. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. பனி விழும் ஊர்களில் வெளிச்சட்டத்தில் வைக்க அது ஏற்றதல்ல.