முதல் கிரெடிட் கார்டுக்கு முன்: நம் பெயரில் எழுதப்படும் கடன் கணக்கு



சில வாரங்களுக்கு முன், ஜும்ஆ முடிந்ததும் ஒரு தகப்பனாரும் மகனும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மகன் வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சம்பளம் வரும் வங்கியில் முதல் கிரெடிட் கார்டு கேட்டிருக்கிறார். மறுத்துவிட்டார்கள். அவர் பெயரில் ஒரு லாரிக் கடன் பாக்கி நிற்கிறதாம். "நான் யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லையே பாய்!" என்றார் அந்தத் தம்பி. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய தாய்மாமன் நாமக்கல்லில் பழைய லாரி ஒன்று வாங்கியபோது, இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாமா தவணை கட்டவில்லை.

தகப்பனாரோ, "கார்டு கிடைக்காததே நல்லது, அது வட்டி சமாச்சாரம்" என்றார். இருவர் சொன்னதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

கடன் வரலாறு என்பது என்ன?

வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் நாம் வாங்கும் கடன், கட்டிய தவணை, தவறிய தேதி எல்லாம் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நாட்டில் இவை 4. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கி இவற்றைக் கண்காணிக்கிறது. சிபில் தரும் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும்.

கார்டு வாங்கினால்தான் பதிவு தொடங்கும் என்று எண்ண வேண்டாம். வங்கி நகைக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன், கடையில் நிதி நிறுவனத் தவணையில் எடுத்த செல்போன், பிறருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாமே பதிவாகும். டெபிட் கார்டிலும் வங்கிக் கணக்கிலிருந்து போன் மூலமும் செய்யும் செலவு இதில் சேராது. அது நம் சொந்தப் பணம்.

இந்தப் பதிவு கடனோடு நிற்பதில்லை, வேலை வரையிலும் வருகிறது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரிப் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் தவறிய பதிவின் காரணமாக ரத்தானது. வங்கியின் முடிவு சரியே என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மார்க்கம் காட்டும் வழி

கடனை எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். கடனோடு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டால், அதை அடைக்க ஏற்பாடு உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஜாமீன் என்பதும் மார்க்கத்தில் பொறுப்பேற்பதுதான். உறவுக்காகப் போடும் வெறும் கையெழுத்தல்ல.

கிரெடிட் கார்டு விஷயத்தில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000-ஆம் ஆண்டு ரியாத் கூட்டத்தில், ஒப்பந்தத்தில் வட்டி நிபந்தனை இருந்தால், தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் அந்தக் கார்டு கூடாது என்று முடிவு செய்தது. தேவை இருந்து, வட்டி சேருமுன் முழுத்தொகையும் கட்டிவிடுவோம் என்ற உறுதியும் இருந்தால் அனுமதிக்கலாம் என்போரும் உள்ளனர். ஃபத்வா சொல்வது நம் வேலையல்ல. மனுவில் கையெழுத்திடுமுன் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் இல்லையே என்ற பயத்தில் யாரும் கார்டு வாங்க வேண்டியதில்லை. முதன்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகம் 2025-இல் மக்களவையில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

வட்டி எங்கே நுழைகிறது?

மாத பில் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட தேதிக்குள் முழுவதும் கட்டினால் வட்டி இல்லை. ஆனால் பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' 1,000 என்றும் போட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் 19,000 நிற்கும். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் ஒரு மாதத்துக்கு 665 ரூபாய். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 785. அடுத்த மாதம் இன்னொரு 1,000 கட்டினாலும் அசலில் குறைவது 215 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் இந்தக் கார்டால் பணம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டிதான். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது.

வாங்குவோர் கவனத்துக்கு

1. ஒரே கார்டு போதும். ஒரே நேரத்தில் பல வங்கிகளில் மனுச் செய்தால் அதுவும் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கும்.
2. பெட்ரோல், மின்கட்டணம் போல எப்படியும் செய்யும் செலவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.
3. முழுத்தொகையும் தானாகக் கணக்கிலிருந்து கழியும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். 'குறைந்தபட்சத் தொகை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிடாதீர்கள்.
4. வைப்புத் தொகையை ஈடாக வைத்துக் கார்டு தருவதும் உண்டு. அந்த வைப்பில் சேரும் வட்டியை என்ன செய்வது என்பதையும் ஆலிமிடம் கேளுங்கள்.
5. கேட்காமல் கார்டு அனுப்ப வங்கிக்கு உரிமையில்லை. வேண்டாமென்றால் மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாதபோது 7 வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தரவேண்டும்.

வாங்காதோரும் செய்ய வேண்டியது

அந்த 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பான் எண்ணும் செல்போனும் இருந்தால் அவர்களின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வீட்டுப் பெண்கள் பெயரிலும் எடுத்துப் பாருங்கள். குழுக் கடனில் பிழை வர வாய்ப்புண்டு. தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பழைய கடனைக் 'குறைத்து முடித்துக்கொள்ளலாம்' என்று முகவர் அழைத்தால் யோசியுங்கள். 'செட்டில்டு' என்ற சொல் அறிக்கையில் கறையாக நிற்கும். முழுவதும் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றிதழ் வாங்குவதே மேல்.

அந்தத் தம்பியின் மாமாவை அழைத்து, பெரியவர்கள் முன்னிலையில் பேசினோம். பாக்கியை மாதாமாதம் கட்ட எழுதிக் கொடுத்திருக்கிறார்; முதல் இரண்டு மாதம் கட்டியும் விட்டார். தம்பி இப்போதைக்கு டெபிட் கார்டு போதும் என்கிறார்.

அறிக்கை எடுக்கத் தெரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் பான் கார்டோடு அலுவலகத்துக்கு வாருங்கள். எடுத்துப் படித்தும் காட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். கடன் சுமையிலிருந்து நம் குடும்பங்கள் அனைத்தையும் அல்லாஹ் காப்பானாக, ஆமீன்.