கணிப்பொறி எச்சரிக்கிறது, நம்பலாமா?



சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள் காலை, திருவேங்கடத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு மாணவி தன் தாயாருடன் சங்கரன்கோவிலில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்தவள். தாயார் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவர். அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணிப்பொறியை ஒரு துணிப்பையில் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

“சார், என் கணக்கில் ஏதோ கோளாறு என்று ஒரு வாரமாக இது சொல்லிக்கொண்டே இருக்கிறது. சென்னையில் யாரோ என் கணக்கில் நுழைந்ததாக மின்னஞ்சலும் வந்தது. நேற்று ராத்திரி திரை முழுவதும் சிவப்பாகி, ‘உடனே இந்த எண்ணுக்குப் பேசு’ என்று வந்தது. பயந்துபோய் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்கிறது. பொறியியல் கலந்தாய்வுத் தகவலெல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும், சார். அம்மாதான், ‘அந்த எண்ணுக்குப் பேசாதே, முதலில் சாரைக் கேட்போம்’ என்றார்கள்.”

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. மின்னஞ்சல் கணக்கு கைவிட்டுப் போனால், ஒரு மாணவியின் ஓராண்டே வீணாகலாம். அவளுடைய கவலை நியாயமானதுதானே?

ஒரே கணிப்பொறியில் நான்கு எச்சரிக்கைகள். நான்கும் உண்மையா? நான்கும் பொய்யா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண்டதும் ஊகித்ததும்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நான் மாணவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்வதுண்டு. கருவி காட்டியது எது, அதிலிருந்து நாம் ஊகித்தது எது என்று தனித்தனியே எழுதுங்கள் என்பேன். வெப்பமானி 39 டிகிரி காட்டுகிறது, இது கண்டது. ‘காய்ச்சல்’ என்பது ஊகம். நம் கரிசல் காட்டு மே மாத வெயிலில் கிடந்த வெப்பமானியும் 39 டிகிரி காட்டும் அல்லவா? அதற்காக மருந்து சாப்பிடுவோமா?

கணிப்பொறி எச்சரிக்கைகளையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் எச்சரிக்கை: பஸ் பாஸ் செல்லாது

நீங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒரு கணக்கில் நுழைந்தால், மறுமுனையில் உள்ள சர்வர் உங்கள் கணிப்பொறிக்கு ‘டோக்கன்’ என்ற ஓர் அடையாளத்தைத் தருகிறது. அடுத்தடுத்த முறை கணிப்பொறி கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. டோக்கனைக் காட்டியே உள்ளே போகிறது. பள்ளியில் ஒரு முறை சரிபார்த்துப் பஸ் பாஸ் தருகிறார்கள்; பிறகு தினமும் பாஸைக் காட்டி ஏறுகிறீர்கள். அது போன்றதே இதுவும்.

நம் மாணவி ஒரு வாரத்துக்கு முன் அண்ணனுடைய செல்பேசியில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாள். பொதுவாகக் கடவுச்சொல் மாறியதும் பழைய டோக்கன்கள் செல்லாதவையாகிவிடும். மடிக்கணிப்பொறி இதை அறியாமல் பழைய டோக்கனையே நீட்டியது. சர்வர் மறுத்தது. ‘கணக்கில் கோளாறு’ என்ற அறிவிப்பு பிறந்தது.

இதில் கணிப்பொறி கண்டது எது? ‘டோக்கன் மறுக்கப்பட்டது’ என்பது மட்டுமே. விண்டோஸ் 10 கணிப்பொறிகளில் பலரையும் குழப்பிய ஓர் அறிவிப்பு உண்டு. ‘உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கைச் சரிசெய்ய வேண்டும், பெரும்பாலும் கடவுச்சொல் மாறியிருக்கலாம்’ என்பது அதன் சாரம். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அதுவே ஊகத்தின் அடையாளம். பழைய பாஸைப் பார்த்து ‘இது செல்லாது’ என்கிற நடத்துநர் உங்களைத் திருடன் என்று சொல்லவில்லை. புதிய பாஸைக் காட்டு என்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாம் எச்சரிக்கை: சென்னையில் நுழைந்தது யார்?

இணையத்தில் சேரும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறையிலான முகவரி 32 இருமஎண்களால் ஆனது. எனவே மொத்த முகவரிகள் 2-இன் அடுக்கு 32. அதாவது 429 கோடியே சொச்சம். உலக மக்கள்தொகையைவிட இது குறைவு! ஆகவே செல்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன.

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று அறிய மின்னஞ்சல் நிறுவனம் பொதுவாக இந்த எண்ணையே பார்க்கிறது. அந்த எண் எந்த ஊரைச் சேர்ந்தது என்று ஓர் அட்டவணையைப் பார்த்து ஊரை ஊகிக்கிறது. அந்த எண் சென்னைக்குரியதாகப் பதிவாகியிருந்தால், திருவேங்கடத்தில் இருந்து நுழைந்தாலும் ‘சென்னை’ என்றே எச்சரிக்கை வரும். மாணவிக்கு வந்த மின்னஞ்சலின் நாளையும் நேரத்தையும் பார்த்தோம். அண்ணனுடைய செல்பேசியில் அவள் கடவுச்சொல்லை மாற்றிய அதே நேரம்! சென்னையில் நுழைந்த ‘மர்ம மனிதர்’ அவளேதான்.

ஆகையால் இத்தகைய எச்சரிக்கையில் ஊர்ப் பெயரைவிட நேரத்தையும் கருவியின் பெயரையும் கவனியுங்கள். அந்த நேரத்தில் நீங்களோ உங்கள் வீட்டாரோ நுழையவில்லை என்றால், எச்சரிக்கையை உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் எச்சரிக்கை: பின்னால் போன கடிகாரம்

எல்லாப் பக்கங்களும் ஒரே காலையில் பாதுகாப்பற்றவை ஆகிவிடுமா? ஆகாது. அப்படியானால் கோளாறு அளக்கும் கருவியில்தான் இருக்க வேண்டும். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். ‘2017 ஜனவரி 1’ என்று இருந்தது!

கணிப்பொறிக்குள் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் உண்டு. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும். கணிப்பொறிக் கடிகாரத்தின் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள்; சரியாக 1 வரும். அதாவது வினாடிக்கு ஒரு துடிப்பு. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் இக்கடிகாரத்தை ஓட்டப் பல கணிப்பொறிகளில் நாணயம் போன்ற ஒரு சிறிய மின்கலம் இருக்கும். நம் மடிக்கணிப்பொறியில் பெரிய மின்கலம் ஏற்கெனவே செயலிழந்திருந்தது, சிறியதும் வலுவிழந்திருந்தது. மின் இணைப்பைப் பிடுங்கியதும் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பிவிட்டது.

பாதுகாப்பான ஒவ்வொரு வலைத்தளமும் உலாவியிடம் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று அதில் இருக்கும். கடிகாரம் 2017 என்று சொன்னால், இன்றைய சான்றிதழ்கள் யாவும் இன்னும் பிறக்காதவை ஆகிவிடுகின்றன. உலாவி மறுப்பது முறைதானே? தேதி பல ஆண்டுகள் தவறினால் கணிப்பொறி அதைத் தானாகத் திருத்திக்கொள்ளாமலும் போவதுண்டு. நாம்தான் திருத்த வேண்டும். தேதியைச் சரிசெய்தேன். பக்கங்கள் திறந்தன.

நான்காம் எச்சரிக்கை: எதையும் அளக்காதது

சிவப்புத் திரை எங்கிருந்து வந்தது? பழைய வினாத்தாள்களைத் தேடிச் சென்ற ஒரு தளத்தில், ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா?’ என்ற கேள்விக்கு அவள் ‘ஆம்’ என்று அழுத்தியிருந்தாள். அன்றுமுதல் அத்தளம் திரையின் மூலையில் தன் விளம்பரங்களை எச்சரிக்கை வேடத்தில் அனுப்பத் தொடங்கியது. உற்றுப் பார்த்தால் அத்தகைய அறிவிப்பில் உலாவியின் பெயரும் தளத்தின் முகவரியும் இருக்கும். அந்த அறிவிப்பு ஒன்றைத் தொட்டதும் சிவப்புப் பக்கம் திறந்தது.

ஒரு வலைப்பக்கம் உங்கள் கணிப்பொறியில் உள்ள கோப்புகளைத் துழாவிப் பார்க்க உலாவி சாதாரணமாக இடம் தருவதில்லை. ஆகவே ‘உங்கள் கணிப்பொறியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்று ஒரு பக்கம் சொன்னால், அது எதையும் கண்டு சொல்லவில்லை. முதல் மூன்று எச்சரிக்கைகளில் ஊகம் தவறலாம். ஆனால் ஏதோ ஒன்று அளக்கப்பட்டிருந்தது. இதிலோ அளவீடே இல்லை. அச்சம் மட்டுமே உண்டு.

அந்த எண்ணுக்குப் பேசியிருந்தால்? 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் நம் நாட்டில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களும் அதற்குக் காரணம். அந்நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவியாளர்கள் போல நடித்த அழைப்பு மையங்கள், திரையில் பொய் எச்சரிக்கை காட்டி, அதிலுள்ள எண்ணுக்கு மக்களைப் பேசவைத்துப் பணம் பறித்தன. அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் 2,000-க்கு மேற்பட்டோர் குறிவைக்கப்பட்டனர்.

என்ன செய்ய வேண்டும்?

‘புலி வருது, புலி வருது’ என்று கத்திய பையன் கதை உங்களுக்குத் தெரியும். எல்லா எச்சரிக்கையையும் நம்பினால் ஏமாறுவோம். எல்லாவற்றையும் தள்ளினால் உண்மைப் புலி வரும் நாளில் மாட்டிக்கொள்வோம். ஆகவே சோதித்துப் பார்ப்பதே வழி.

1. எச்சரிக்கையில் உள்ள பொத்தானையோ எண்ணையோ தொடாதீர்கள். அது எந்த நிரலிலிருந்து, எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டால் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். பிறகு உலாவியை மூடுங்கள்.

2. வேறு வாசல் வழியாகச் செல்லுங்கள். ஓர் அளவியில் சந்தேகம் வந்தால் அதே அளவியைக் கேட்க மாட்டோம். வேறோர் அளவியால் அளப்போம். கணிப்பொறியின் அமைப்புகளில் ‘கணக்குகள்’ பகுதிக்கு நீங்களே செல்லுங்கள். அல்லது நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, பாதுகாப்புப் பக்கத்தைப் பாருங்கள்.

3. அங்கே அறிமுகமில்லாத கருவி இருந்தால் அதை வெளியேற்றுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். எதுவும் இல்லையென்றால், புதிய கடவுச்சொல்லைக் கொடுத்து ஒரு முறை நுழைந்தால் போதும்.

4. தேதியும் நேரமும் சரிதானா என்று பாருங்கள்.

5. உலாவியின் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்குங்கள்.

6. செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் நாணி மறைக்காமல், உடனே பெரியவர்களிடம் சொல்லி 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு.

நாங்களும் இதைத்தான் செய்தோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கலந்தாய்வுத் தகவல் மின்னஞ்சலில் பத்திரமாக இருந்தது. “கணிப்பொறியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது சார்” என்றார் அந்தத் தாயார். வேறு வாசலில் கேட்டுப் பார் என்ற முக்கியமான பாடத்தை முதல் நாள் இரவே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்று நான் சொன்னேன்.

செய்து பாருங்கள்

பெரியவர்களின் அனுமதியுடன், கணிப்பொறியில் தானியங்கி நேர அமைப்பை நிறுத்திவிட்டுத் தேதியை ஐந்து ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு ஏதாவது ஒரு வலைத்தளத்தைத் திறந்து, வரும் எச்சரிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். அதில் கண்டது எது, ஊகித்தது எது? தேதியை மீண்டும் சரிசெய்ய மறந்துவிடாதீர்கள்!