ஜும்ஆவுக்குப் போனதற்கு மெமோ

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் எமர்ஜென்சி பிரிவில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போய், முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவேன். நர்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். இப்போது, அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டுச் சென்றதாக விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவின்படி ரிட் போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: ரிட் வேண்டாம். 25-வது பிரிவு தரும் மதச் சுதந்திரமே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் முதலாளி அரசு அல்ல. தனியார் நிறுவனத்தோடு வரும் வெறும் வேலை ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் கிடையாது என்று செயின்ட் மேரிஸ் எஜுகேஷன் சொசைட்டி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊழியரின் மதக் கடமைக்கு இயன்றவரை இடம் கொடு என்று தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் உண்டு. இங்கே இல்லை.

எனக்குக் கவலை தருவது மெமோ அல்ல, 'நர்ஸிடம் சொல்லிவிட்டு' என்ற உங்கள் வரி. டாக்டரின் பொறுப்பை இன்னொரு டாக்டரிடம்தான் ஒப்படைக்க முடியும். அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா டாக்டருக்கும் உயிர் காக்கும் கடமை உண்டென்பது 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கிலேயே முடிந்த விஷயம். ஏற்றுக்கொண்ட நோயாளியைப் போதிய முன்னறிவிப்பின்றி விட்டு விலகக் கூடாது என்கின்றன 2002-ம் ஆண்டு மருத்துவ நெறி விதிகள்.

நீங்கள் இல்லாத நேரத்தில் ஒருவர் இறந்தால்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. டாக்டருக்கு 2 ஆண்டு வரை. ஆனால் அந்தச் சலுகை, மருத்துவச் செயல்முறையில் ஈடுபட்டிருக்கும்போது நேர்ந்த தவறுக்குத்தான். அறையிலேயே இல்லாத டாக்டர் அதைக் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? முதல் ஆவணமாக இந்த மெமோவைத்தான் நீட்டுவார்.

ஆகவே மெமோவுக்கான பதிலில் மத உரிமை பற்றி வாதாடாதீர்கள். அன்று யார் யார் சிகிச்சையில் இருந்தார்கள், நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தனியாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள்: வெள்ளி மதியம் சக டாக்டர் ஒருவர் உங்கள் இடத்தில் இருப்பார், பதிலுக்குத் தீபாவளி, பொங்கல் இரவு டியூட்டியை நீங்கள் பார்ப்பீர்கள் என்று. நிர்வாகங்கள் சாசனப் பிரிவுக்கு மசியாது, டியூட்டி சார்ட்டுக்கு மசியும். மற்ற நாள் லுஹர், அஸருக்கு டியூட்டி ரூமில் ஒரு மூலை போதும். அதையும் சேர்த்தே கேளுங்கள். பிறருக்கு மாற்று டியூட்டி தந்து உங்களுக்கு மட்டும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு மறுபடி எழுதுங்கள். அது வேறு வழக்கு.

மாற்று டாக்டர் கிடைக்காத வெள்ளிக்கிழமை? மார்க்கச் சட்டம் என் தொழில் அல்ல. ஆனால் கவனிக்க வேறு ஆளில்லாத நோயாளியோடு இருப்பவர் ஜும்ஆவுக்குப் பதில் லுஹர் தொழலாம் என்ற சலுகையை ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. உங்கள் மதஹபில் அது எப்படி என்று ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெமோவில் எத்தனை நாள் கெடு என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள் பதிலை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.