தானியேலின் பத்து நாள்

இந்த மாதப் பாடத்துக்கு, தானியேல் 1-ஆம் அதிகாரத்தையும், 2:17,18 வசனங்களையும், 6:10-ஐயும் முதலில் ஜெபத்தோடு வாசித்துவிடுங்கள். வாசித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

பாடத்துக்குள் போகுமுன் ஒரு காரியத்தை நான் அறிக்கையிட வேண்டும். நம் சபையில் ஒரு சகோதரன் இருக்கிறார். நூல் மில்லில் வேலை. பெயர் எழுதலாம் என்று அவரே சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். மூன்று வருஷம் தொடர்ந்து கன்வென்ஷன் கடைசி நாள் ராத்திரி முன்னால் வந்து முழங்காற்படியிட்டு, இனி குடிக்கமாட்டேன் ஆண்டவரே என்று கதறி அழுதவர். மூன்று தரமும் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தவன் நான். மூன்று தரமும் அடுத்த ஞாயிறு, ஒரு குடும்பம் விடுதலையானது என்று மைக்கில் சொன்னவனும் நானே. அந்த அழுகை பொய்யல்ல. தேவப்பிரசன்னம் அங்கே இறங்கியிருந்ததும் பொய்யல்ல. ஆனாலும் மூன்றாந்தரம் பத்து நாளைக்குள் விழுந்துபோனார். நான் அவர் வீட்டுக்குப் போய், விசுவாசம் போதவில்லை, இன்னும் உபவாசிக்க வேண்டும் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டார்கள்: "பாஸ்டர், அவரு அழுவுறப்ப நீங்க எல்லாரும் பக்கத்துல இருக்கீங்க. திங்கக்கிழமை சாயங்காலம் யாரு இருக்கா?"

எனக்கு வாயில் பதில் வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மில் விட்டு, டாஸ்மாக் கடை வாசல் வழியாக அவர் வீட்டுக்கு நடந்து வருகிற நேரத்தில் நான் என் வேலையில் இருந்தேன். மூப்பர்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள். அந்த வழியை அவர் தனியாகத்தான் நடந்தார். அந்தக் கேள்வியோடுதான் நான் தானியேல் புஸ்தகத்தை மறுபடி திறந்தேன்.

தானியேல் என்றதும் நமக்கு ஞாபகம் வருகிறது சிங்கக்கெபி. ஞாயிறு பள்ளியிலிருந்தே அந்தப் படத்தைத்தான் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் தானியேல் எங்கே ஆரம்பித்தார் என்று கவனியுங்கள். சாப்பாட்டில் ஆரம்பித்தார்! ராஜபோஜனத்தாலும் திராட்சரசத்தாலும் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று இருதயத்தில் தீர்மானம்பண்ணினார் (1:8). பாபிலோனையே மாற்றிக்காட்டுகிறேன் என்று அவர் சபதம் எடுக்கவில்லை. பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாருங்கள், பருப்பு மரக்கறியும் தண்ணீரும் போதும் என்று விசாரிப்புக்காரனிடத்தில் கேட்டார் (1:12). வாழ்நாள் முழுவதும் என்று கேட்கவில்லை, பத்தே நாள். அதுவும் தனியாகக் கேட்கவில்லை. அனனியா, மீஷாவேல், அசரியா என்று நாலு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ஒருவன் கை ராஜபோஜனத்துக்கு நீண்டால் மற்ற மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் ஞானிகளையெல்லாம் கொல்லச் சொல்லிவிட்டான். வரம் பெற்ற தானியேல் என்ன செய்தார்? அறைக்குள் போய் ஒற்றை ஆளாய்ப் போராடவில்லை. தன் வீட்டுக்குப் போய்த் தோழருக்கு அறிவித்து, நாலு பேருமாய் தேவனுடைய இரக்கத்தைக் கேட்டார்கள் (2:17,18).

இப்போது 6:10-க்கு வாருங்கள். தானியேல் சிறைப்பட்டுப்போனது கி.மு. 605-ஆம் ஆண்டில். பாபிலோன் விழுந்தது கி.மு. 539-இல். இடையில் 66 வருஷம். ஆகவே சிங்கக்கெபிக்குப் போன தானியேல் எண்பது வயதைத் தாண்டினவராய் இருந்திருக்க வேண்டும். தரியு ராஜா கையெழுத்துப் போட்டான் என்று அறிந்த பிறகு அவர் விசேஷித்த ஜெபம் ஒன்றும் தொடங்கவில்லை. எப்போதும் போல, தினம் மூன்று வேளை, எருசலேமுக்கு நேராய்த் திறந்த அதே பலகணி, அதே முழங்கால். புதிதாய் ஒன்றும் இல்லை என்பதுதான் அந்த வசனத்தின் மகிமை. அன்றைக்குத்தான் ஜெபிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தால் அந்தக் கிழவர் நின்றிருப்பாரா?

சிம்சோனைப் பாருங்கள். கர்த்தருடைய ஆவியானவர் அவன்மேல் பலமாய் இறங்கினார் என்று நியாயாதிபதிகளின் புஸ்தகம் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. அபிஷேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவன் ஜெபித்ததாக அங்கே இரண்டே இடங்கள்: தாகத்தால் சாகப்போகிறபோது ஒன்று (15:18), கண் போனபின் ஒன்று (16:28). அவனைத் தட்டிக்கேட்க ஒரு அனனியாவும் இல்லை. தெலீலாளின் மடியில் தலை வைத்தபோது, "டேய், இங்க என்னடா பண்றே?" என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

சிலர் கேட்பீர்கள்: "பாஸ்டர், மாற்றம் பரிசுத்தாவியானவர் தருகிறது அல்லவா? தினசரிப் பழக்கம், குழு என்றால் மாம்சப் பிரயாசம் ஆகிவிடாதா?" நல்ல கேள்வி. நானும் பல வருஷம் அப்படிப் பிரசங்கித்தவன்தான். மன்னாவை யோசித்துப் பாருங்கள் (யாத்திராகமம் 16). வானத்திலிருந்து வந்தது, முழுக்க முழுக்கக் கிருபை. ஆனாலும் காலைதோறும் வெளியே போய்க் குனிந்து பொறுக்க வேண்டும். மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தது பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு. போன கன்வென்ஷன் அபிஷேகத்தை வைத்து இந்த வருஷத்தை ஓட்டப் பார்க்கிற நமக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்? சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஆண்டவர் (லூக்கா 9:23). ஒருவருக்கொருவர் நாடோறும் புத்திசொல்ல வேண்டும் என்கிறது எபிரெயர் 3:13. இந்த இரண்டு வசனத்திலும் "தினம்" இருக்கிறது. இரண்டாவதில் "ஒருவருக்கொருவர்" என்பதும் இருக்கிறது. அதைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

சபை சரித்திரத்திலும் இதைப் பார்க்கலாம். பைபிள் காலேஜில் ஜான் வெஸ்லியைப் பற்றிப் படித்தபோது பரீட்சைக்காக எழுதிவிட்டு மறந்துபோன ஒரு காரியம் இப்போது எனக்குப் பிரயோஜனப்பட்டது. 1742-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் அவர்கள் கூடிவந்த கட்டிடத்துக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். பலர் ஏழைகளாயிற்றே, எப்படிக் கொடுப்பார்கள் என்றார் இன்னொருவர். அதற்கு முன்னவர், ரொம்ப ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாத வாரம் நானே போடுகிறேன் என்றார். இப்படி ஏறக்குறைய 12 பேருக்கு ஒரு தலைவர் என்று வகுப்புகள் பிரிந்தன. பென்னி வாங்க வீடு வீடாய்ப் போன தலைவர்கள், சிலர் ஒழுங்கின்றி நடக்கிறதைக் கண்டு வெஸ்லியிடம் சொன்னார்கள். அவருக்குச் சட்டென்று புரிந்தது. பல நாளாய் நாம் தேடினது இதுதானே என்று. பிறகு அந்தப் பன்னிரண்டு பேரும் வாரத்துக்கொருமுறை ஓரிடத்தில் கூடி, ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரிக்க ஆரம்பித்தார்கள். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்தவர் வெஸ்லி. ஆனால் அவருடைய பிரசங்கத்தின் கனியை வாரந்தோறும் காத்தது இந்தச் சின்ன வகுப்புகள். கடன் அடைக்க வந்த யோசனை! தேவன் எதையெல்லாம் உபயோகிக்கிறார் பாருங்கள்.

நாங்கள் நாலு பேரோடு ஆரம்பித்தோம். மில் சகோதரன், ஒரு ஆட்டோ ஓட்டுகிற தம்பி, ரிட்டையர் ஆன ஒரு வாத்தியார் ஐயா, நான். வியாழன் ராத்திரி 8 மணிக்கு வாத்தியார் வீட்டு மாடியில் கூடுவோம். ஒவ்வொருவரும் பத்து நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். சின்னதாய் இருக்க வேண்டும், செய்தேனா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லுகிறதாய் இருக்க வேண்டும். "பரிசுத்தமாய் ஜீவிப்பேன்" என்றால் வாத்தியார் ஒத்துக்கொள்ளமாட்டார். "அதை எத்தனை மணிக்குச் செய்வே?" என்று கேட்பார். மில் சகோதரன் எடுத்த தீர்மானம், கடை வாசல் வழியாய் வராமல் ரயில்வே கேட் சுற்றி வருவது. ஆட்டோ தம்பி தினம் அந்த நேரத்துக்கு மில் வாசலில் வண்டியோடு நிற்பது என்று எடுத்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். குடியை ஒரேயடியாய் நிறுத்தின இரண்டாம் நாள் அவருக்குக் கைகால் நடுங்கி, தூக்கமில்லாமல், சுவரில் ஏதேதோ தெரிகிறது என்று அலற ஆரம்பித்தார். பிசாசின் போராட்டம் என்று நான் அதட்டி ஜெபிக்கத் தொடங்கினேன். நம் சபையில் நர்ஸாய் இருக்கிற சகோதரி ஓடிவந்து, "பாஸ்டர், ஜெபிச்சுக்கிட்டே ஆட்டோவுல ஏத்துங்க" என்றார்கள். பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகுமாம். வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். நாங்கள் முறை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தோம். உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிற ஒருவர் நிறுத்த விரும்பினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அது அவிசுவாசம் அல்ல.

என் முறையும் வந்தது. தினமும் காலை 5 மணிக்கு எழுந்து, பிரசங்கத்துக்காக அல்ல, என் ஆத்துமாவுக்காக ஒரு அதிகாரம் வாசிப்பேன் என்று தீர்மானம் எடுத்திருந்தேன். அடுத்த வியாழன் மில் சகோதரன் கேட்டார்: "பாஸ்டர், ஏழு நாள்ல நீங்க எத்தனை நாள்?" ஊழியக்காரனை இப்படிக் கேட்கலாமா என்று மாம்சம் எழும்பினது உண்மை. மூன்று நாள் என்றேன். பிரசங்கக் குறிப்புக்கு அல்லாமல் வேதத்தைத் திறந்து மாதக்கணக்காகிவிட்டது என்பதையும் சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர்தான் எழுந்து வந்து என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். மூன்று வருஷம் நான் அவருக்குச் செய்ததை அன்றைக்கு அவர் எனக்குச் செய்தார். யாக்கோபு 5:16-ஐ எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அதற்குக் கீழ்ப்படிந்தேன்.

பிறகு அவர் விழவே இல்லையா என்றால், விழுந்தார். இரண்டு தரம். ஒரு தீபாவளி போனஸ் நாள், மச்சான் வீட்டுக் கல்யாணம் ஒன்று. ஆனால் முன்பு விழுந்தால் மாதக்கணக்கில் சபைப்பக்கம் வராதவர், இந்தத் தரம் மறுநாள் காலையிலேயே வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார். வாத்தியார் காப்பி கொடுத்து, "சரி, இன்னிக்கு முதல் நாள்" என்றாராம். கானானியரை ஒரே வருஷத்தில் துரத்தாமல் கொஞ்சங்கொஞ்சமாய்த் துரத்துவேன் என்று கர்த்தர் சொன்னதை (யாத்திராகமம் 23:29,30) அவருக்கு அடிக்கடி வாசித்துக் காட்டுகிறோம். கல்யாண வீட்டுக்குப் பின் இதுவரை கர்த்தர் காத்து வருகிறார். அவர் மனைவியிடம் போன வாரம் கேட்டேன். "இருக்காரு பாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்கள்.

இப்போது ஆண்களுக்கு மூன்று குழுக்கள் வியாழன் ராத்திரி கூடுகின்றன. சகோதரிகளுக்கு, செவ்வாய் மத்தியானம் 3 மணிக்கு நர்ஸ் சகோதரி வீட்டில். ஆறு பேருக்கு மேல் ஆனால் பிரித்துவிடுகிறோம். அங்கே பேசினது மாடிப்படியை விட்டு இறங்கக் கூடாது, மூப்பர் கூட்டத்துக்கும் வராது, பிரசங்க உதாரணமாகவும் வராது. (இந்தக் கட்டுரைக்கு நாலு பேரிடமும் அனுமதி வாங்கினேன்.) வர விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னையோ வாத்தியார் ஐயாவையோ பாருங்கள். வருமுன் வீட்டில் ஜெபித்து, பத்து நாளைக்கு ஒரே ஒரு சின்னத் தீர்மானத்தை யோசித்துக்கொண்டு வாருங்கள். எத்தனை மணிக்கு என்பதையும் யோசித்து வாருங்கள், வாத்தியார் கேட்பார்.