ஆவணம் திறவாதபோது கவனிக்க வேண்டியவை

விலைப்பட்டியல், ஒப்பந்தப்புள்ளி, தணிக்கைக் குறிப்பு முதலியன இந்நாளில் பெரும்பாலும் பி.டி.எப். வடிவிலேயே நமது சங்கங்களுக்கு வருகின்றன. அவற்றைப் படித்துக் காட்டும் அடோபி ரீடர் என்னும் செயலி சிற்சில வேளைகளில் திறக்க மறுப்பதுண்டு. அழுத்தியவுடன் திரையில் ஒரு சிறு வட்டம் சுழலும். பிறகு அதுவும் மறைந்துவிடும்.

எமது சங்கத்தில் போர்வை வழங்கும் ஒப்பந்தப்புள்ளி ஒன்றின் கடைசி நாளன்று இவ்வாறு நேர்ந்தது. பிற்பகல் 3 மணிக்குள் நிபந்தனைகளைப் படித்து விலை குறித்து அனுப்பியாக வேண்டும். எழுத்தர் பதறிப் பலமுறை அழுத்திப் பார்த்தார். பின்னர் செயலியையே நீக்கிவிட்டார். அதைத் திரும்ப இறக்கி முடிக்குமுன் மணி மூன்றடித்துவிட்டது. தறிகளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேலை போயிற்று. அதே ஆவணம் மறுநாள் காலை குரோம் உலாவியில் ஒரே நொடியில் திறந்தது என்பதை வருத்தத்துடன் எழுதுகிறேன்.

இழை அறுந்தால் குற்றம் நூலிலா தறியிலா என்று முதலில் பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அதுவே முறை. 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இவ்வடிவம் 2008-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. ஆகையால் அதை எவரது செயலியும் படிக்கலாம். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளே போதும். உலாவியில் திறந்தால் ஆவணம் நலமாயுள்ளது, ரீடரிடமே பழுது. அவசர வேலையை அங்கேயே முடித்துக்கொண்டு, பழுதைப் பிறகு பார்க்கலாம். நிரப்பி அனுப்பும் படிவங்கள் சில மட்டும் அடோபியில்தான் சரியாக விரியும். உலாவியிலும் திறவாவிடில் ஆவணத்தின் அளவைப் பாருங்கள். 0 பைட் என்றிருந்தால் வந்தது வெற்றுறை. மறுபடி அனுப்பச் சொல்வதன்றி வேறு வழியில்லை.

ரீடர் திறவாமைக்குப் பெரிதும் காணப்படும் காரணம், முன்பு மூடிய செயலி முழுதும் ஓயாமல் கணிப்பொறியின் உள்ளே சிக்கி நிற்பதாகும். திரையில் அது தெரியாது. திரும்பத் திரும்ப அழுத்துவது சிக்கலை அதிகப்படுத்துமேயன்றித் தீர்க்காது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் அக்ரோபாட் என்ற பெயருள்ள வரிகளைத் தேர்ந்து, என்ட் டாஸ்க் கொடுத்து நிறுத்திவிட்டு, ரீடரை ஒரே முறை திறவுங்கள். பயனில்லையேல் கணிப்பொறியை ரீஸ்டார்ட் செய்க.

அதன் பின்னும் பிடிவாதமாயிருந்தால், செட்டிங்ஸ் பகுதியிலுள்ள செயலிகளின் பட்டியலில் அடோபியைக் கண்டு, மாடிபை என்பதன் வழியே ரிப்பேர் செய்யலாம். நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவது கடைசி வழி. அதையும் ஓய்வான நாளில் செய்வதே நலம். செயலியை நீக்குவதால் ஆவணங்கள் அழிந்துவிடும் என்று சில அங்கத்தினர்கள் அஞ்சுகின்றனர். அவை தனியே உள்ளவை, அழியா.

புதிய செயலியை அடோபியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குக. ‘இதை நிறுவினால் உங்கள் ஆவணம் திறக்கும்’ என்று மின்னஞ்சலில் வரும் இணைப்புகளைத் தொடவே வேண்டாம். விலைப்பட்டியல் என்று பெயரிட்டு வந்த ஒன்று .எக்ஸ்இ என்று முடிந்திருந்தால் அது ஆவணமன்று. திறவாமல், அனுப்பியவரைத் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.